செவியில் தொடங்கும் வாசிப்பு

தமிழகத்தின் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

குழந்தைகள் நூல்களை விரும்பிப் படிப்பதில்லை என்னும் கவலை ஆசிரியர் அறைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் நூலக வார விழா மேடைகளிலும் ஓயாமல் பேசப்படுகிறது. அதற்குக் கைப்பேசியும் தொலைக்காட்சியும் தேர்வுச் சுமையும் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. அக்காரணங்களில் உண்மை உண்டு. ஆயினும் அவை எல்லா மொழிக் குழந்தைகளுக்கும் பொதுவானவை. தமிழ்க் குழந்தைக்குக் கூடுதலாக ஒரு தடை பள்ளியில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே காத்திருப்பதையும், அத்தடையைக் கடக்க உதவும் கருவி பாடநூலின் தொடக்கப் பக்கங்களிலேயே பாட்டு வடிவில் இருப்பதையும், அக்கருவி பெரும்பாலும் வேறொரு வேலைக்கே பயன்படுத்தப்படுவதையும் எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம். வாசிப்புப் பழக்கத்தையும் கவிதை ஈடுபாட்டையும் தனித்தனிச் செய்திகளாகக் கருதி, முன்னதை இன்றியமையாததாகவும் பின்னதைப் பொழுது கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பதாகவும் வைத்திருக்கும் வழக்கம் தமிழைப் பொறுத்தவரை பெரும் இழப்பைத் தந்துவருகிறது.

தமிழ் இரட்டை வழக்கு உடைய மொழி. ஒரே மொழிச் சமூகத்தில் பேசுவதற்கு ஒரு வடிவமும் எழுதுவதற்கும் மேடையில் உரைப்பதற்கும் வேறொரு வடிவமும் நிலைபெற்று, அவ்விரண்டும் ஒலியிலும் சொல்லிறுதியிலும் வாக்கிய அமைப்பிலும் கணிசமாக வேறுபட்டிருப்பதை மொழியியலார் இரட்டை வழக்கு என்று குறிப்பிடுகின்றனர். வீட்டில் ‘வருது’, ‘போறாங்க’, ‘இருக்கு’ என்று கேட்டும் பேசியும் வளர்ந்த ஐந்து வயதுக் குழந்தை, வகுப்பறையில் ‘வருகிறது’, ‘போகிறார்கள்’, ‘இருக்கிறது’ என்னும் வடிவங்களை எழுத்தில் எதிர்கொள்கிறது. எழுத்துக் கூட்டுவதே ஒரு பெருமுயற்சியாக இருக்கும் பருவத்தில், கூட்டி முடித்த பின் கிடைக்கும் சொல்லும் தன் காதுக்குப் பழகாத சொல்லாக இருப்பதால், அம்முயற்சிக்கு உரிய பரிசு அக்குழந்தைக்குக் கிடைப்பதில்லை. எழுத்துகள் அனைத்தையும் அறிந்திருந்தும் ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டு, படித்தது என்ன என்று கேட்டால் விழிக்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் அனைவரும் அறிவர். அத்தகைய குழந்தைகளிடம் இருப்பது சோம்பலோ அறிவுக்குறைவோ ஆகாது. ஏட்டுத் தமிழ் அவர்களுடைய செவியில் போதிய அளவு விழவில்லை என்பதே உண்மை.

நூல்கள் நிறைந்த வீட்டில் பிறந்த குழந்தைக்கு இக்குறை ஓரளவு தானாகவே நீங்கிவிடுகிறது. மடியில் அமர்த்திக் கதைப் புத்தகத்தை வாய்விட்டு வாசிக்கும் பெற்றோரோ தாத்தா பாட்டியோ அதற்கு ஏட்டுத் தமிழை விளையாட்டாகவே பழக்கிவிடுகின்றனர். விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட்டு இரவில் திரும்பும் பெற்றோரின் குழந்தைக்கு அவ்வாய்ப்பு இல்லை. தொலைக்காட்சிச் செய்தியும் வழிபாட்டிடங்களில் கேட்கும் வாசகங்களும் ஒலிபெருக்கி அறிவிப்புகளும் தவிர அக்குழந்தையின் காதில் விழும் ஏட்டுத் தமிழ் ஆசிரியரின் குரலே. ஆகவே, அக்குரல் எதை, எவ்வளவு, எப்படி ஒலிக்கிறது என்பது அக்குழந்தையின் வாசிப்பு வாழ்வையே தீர்மானிக்கக்கூடிய செய்தியாகிறது.

இவ்விடத்தில்தான் பாட்டின் தனிப்பயன் விளங்குகிறது. உரைநடைப் பத்தி ஒன்றை ஒரே நாளில் மூன்று முறை கேட்கச் சொன்னால் எந்தக் குழந்தையும் முகம் சுளிக்கும். எட்டு அடிப் பாட்டையோ இருபது முறை கேட்ட பின்னும், இன்னொரு முறை என்று கேட்கும். மொழிப் பழக்கத்திற்கு வேண்டிய மீள்கேட்பை இவ்வாறு மகிழ்ச்சியோடு பெற்றுத்தரக்கூடிய இலக்கிய வடிவம் பாட்டைத் தவிர வேறில்லை. பத்து நாள் கேட்டும் சொல்லியும் நாவில் ஊறிய பாட்டைப் பதினோராம் நாள் அச்சில் காணும் குழந்தை, வெளியூர்ச் சந்தையில் தெரிந்த முகத்தைக் கண்டதுபோல் அதை அடையாளம் கண்டுகொள்கிறது. விரல் எழுத்தின் மேல் நகரும்போது நாக்கு முன்கூட்டியே அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுகிறது. தான் வாசிக்கிறோம் என்னும் நம்பிக்கை அந்தக் கணத்தில் பிறக்கிறது. அது நினைவிலிருந்து சொல்வதுதானே, வாசிப்பு ஆகுமா என்று சிலர் ஐயுறுவர். நினைவில் உள்ள ஒலியையும் ஏட்டில் உள்ள எழுத்தையும் பொருத்திப் பார்ப்பதே வாசிப்பின் தொடக்கநிலை என்பதால், அந்த ஐயத்திற்கு இடமில்லை.

இதை நன்கு உணர்ந்து எழுதியவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. குமரி மாவட்டத்துத் தேரூரில் 1876இல் பிறந்து, நீண்ட காலம் ஆசிரியப் பணியில் இருந்து, 1954இல் மறைந்த அவருக்குக் குழந்தையின் காது எப்படிக் கேட்கும் என்பது பணியிலேயே தெரிந்திருந்தது. வெள்ளைப் பசுவையும் அதன் கன்றையும் பாடும் அவருடைய புகழ்பெற்ற பாட்டில், வினைச்சொற்கள் ‘மேயுது’ என்பது போன்ற முடிபைப் பெற்று வருகின்றன. இலக்கண நெறி முற்றும் அறிந்த ஒரு புலவர் ‘மேய்கிறது’ என்று எழுதத் தெரியாமல் அவ்வாறு எழுதவில்லை. பெயர்ச்சொற்களும் தொடரமைப்பும் ஏட்டுத் தமிழாக இருக்க, வினைமுடிபு மட்டும் வீட்டுத் தமிழின் அருகில் நிற்பதால், அப்பாட்டைக் கேட்கும் குழந்தைக்கு அறியாத மொழிக்குள் நுழைகிறோம் என்னும் அச்சமே எழுவதில்லை. அப்பாட்டில் ஒரு பசு, ஒரு கன்று, அவற்றுக்கிடையே உள்ள அன்பு ஆகியவை தவிர வேறெதுவும் இல்லை. பசு தரும் பயன்களின் பட்டியலோ தாயை மதிக்க வேண்டும் என்னும் அறிவுரையோ இல்லை. குழந்தை பார்க்கும், பார்த்து மகிழும், அவ்வளவே. இந்த அடக்கம் பெரும்புலமையின் அடையாளம்.

இன்னொரு சான்று அழ. வள்ளியப்பாவின் லட்டுப் பாட்டு. புதுக்கோட்டை மாவட்டத்து இராயவரத்தில் 1922இல் பிறந்த வள்ளியப்பா, வங்கிப் பணியில் இருந்துகொண்டே குழந்தைகளுக்காக வாழ்நாள் முழுதும் எழுதியவர். 1944இல் ‘மலரும் உள்ளம்’ என்னும் தொகுதியை வெளியிட்டவர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றக் காரணமானவர். தட்டில் இருந்த எட்டு லட்டுகளை அண்ணனும் தங்கையும் ஆளுக்குப் பாதியாகத் தின்று தீர்த்து, இறுதியில் வெறும் தட்டு மிஞ்சுவதே அப்பாட்டின் கதை. அடிகள்தோறும் இறுதியில் ‘ட்டு’ என்னும் ஓசையே வந்து விழுகிறது. அடிகளின் இறுதி எழுத்துகளோ சொற்களோ ஒத்து வருவதை யாப்பிலக்கணம் இயைபு என்று வழங்கும். இப்பாட்டில் இயைபு வெறும் அலங்காரமாக நிற்கவில்லை: ஒற்று இரட்டித்து வரும் வல்லின ஓசையை நா அழுத்திச் சொல்லப் பழகுகிறது, எட்டில் பாதி நான்கு என்னும் கணக்கு ஒரு முறை கூடக் கணக்கென்று பெயர் சொல்லப்படாமல் மனத்தில் பதிகிறது, அடுத்த அடி எந்தச் சொல்லில் முடியும் என்று ஊகிக்கும் ஆவல் எழுகிறது. இந்த ஊகம் மிக முக்கியமானது. தேர்ந்த வாசகர் அனைவரும் அடுத்து வரும் சொல்லை ஓரளவு ஊகித்தபடியேதான் வாசிக்கின்றனர். அத்திறனை ஐந்து வயதில் விளையாட்டாக வளர்க்கும் வழி இயைபுடைய பாட்டே.

குழந்தைக்கென்று பாடுவது தமிழில் அவ்வளவு பழைய வழக்கமன்று. குழந்தையைப் பாடுவது மிகப் பழையது. சோற்றை அளைந்து மேனியெங்கும் பூசிக்கொள்ளும் சிறு குழந்தையின் அழகைப் பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய பாட்டு புறநானூற்றில் உண்டு. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம், அதாவது தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாகப் பாவித்துக் காப்பு முதலிய பத்துப் பருவங்களில் பாடும் நூல்வகை, குழந்தையின் ஒவ்வோர் அசைவையும் கொண்டாடுகிறது. ஆயினும் அவையெல்லாம் பெரியோர் பெரியோருக்காகப் பாடியவை. குழந்தைக்காகப் பாடப்பட்டவை ஏட்டில் ஏறாமல் வீட்டுத் திண்ணையிலும் தூளியின் அருகிலும் வாய்மொழியாகவே வாழ்ந்தன. ஔவையாரின் ஆத்திசூடி குழந்தைகளை நோக்கியது என்றாலும் அறிவுறுத்தலே அதன் குறிக்கோள். அகரவரிசையில் அமைந்ததால் எழுத்துகளை நினைவில் நிறுத்தவும் அது பயன்பட்டது. பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், 1915இல், பாப்பா பாட்டை எழுதியபோதுதான் பெரும்புலவர் ஒருவர் குழந்தையின் முகத்தை நேராகப் பார்த்து அதன் மொழியில் பேசும் நிலை அச்சில் தோன்றியது. அவ்வழியில் கவிமணியும் பாரதிதாசனும் வள்ளியப்பாவும் அவர்தம் தலைமுறையினரும் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் குவித்த செல்வம் பெரிது. அச்செல்வத்தின் மிகச் சிறு பகுதியே இன்று பாடநூல் வழியாகக் குழந்தைகளை அடைகிறது.

அடைகின்ற பகுதியும் எவ்வாறு நடத்தப்படுகிறது என்பது கவனத்திற்குரியது. பாட்டு ஒன்று வகுப்பில் வாசிக்கப்பட்டவுடன் அருஞ்சொற்பொருள் எழுதப்படுகிறது. பின்னர்ப் பாடலின் பொருள், பிரித்து எழுதுதல், சேர்த்து எழுதுதல், எதிர்ச்சொல், ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்களை எடுத்தெழுதுதல், கோடிட்ட இடம் நிரப்புதல் என்று பயிற்சிகள் தொடர்கின்றன. இறுதியில் அடி பிறழாமல் எழுதும் மனப்பாடத் தேர்வு வருகிறது. இவற்றுள் எதுவும் தன்னளவில் பயனற்றதன்று. பாடத்திட்டமும் ஆய்வு அலுவலரும் கேட்பதை ஆசிரியர் செய்தாக வேண்டும் என்பதும் உண்மை. ஆனால், பாட்டைக் கேட்டு மகிழ்வதற்கும் அதன்மேல் வினா தொடுப்பதற்கும் இடையே ஒரு நாள் இடைவெளி கூட இல்லாதபோது, பாட்டு என்றாலே அடுத்து ஒரு தண்டனை வரும் என்று குழந்தையின் மனம் கற்றுக்கொள்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் கவிதை நூலைக் கையால் தொடாத பல்லாயிரம் பேர் அவ்வாறே உருவாகின்றனர்.

மனப்பாடம் செய்வதையே இம்மடல் எதிர்ப்பதாகக் கொள்ளுதல் கூடாது. நினைவில் நிற்கும் பாட்டு ஒருவருக்கு வாழ்நாள் துணை. பழைய திண்ணைப் பள்ளிகளின் கடுமையில் இன்று ஏற்கத்தகாதவை பல உண்டு என்றாலும், நினைவுப் பயிற்சியை விளையாட்டாக்கும் சில வழிகளும் அங்கே இருந்தன. மாலையில் மாணவர்கள் வீடு திரும்பும்போது ஒரு பூவின் பெயரையோ ஊரின் பெயரையோ ஆசிரியர் சொல்லி அனுப்புவார் என்றும், மறுநாள் அவர்கள் அதை மறவாமல் வந்து சொல்ல வேண்டும் என்றும் உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ என்னும் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். ஒரே ஒரு பெயர்; வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு போகும் மகிழ்ச்சி; மறுநாள் ஆசிரியரிடம் ஒப்படைக்கும் பெருமை. பள்ளி மணி அடிக்கும் முன் ஒரு பாட்டின் ஒரே ஓர் அடியைச் சொல்லி அனுப்பி, மறுநாள் வந்ததும் அதைத் திரும்பப் பெற்று அடுத்த அடியைத் தரும் ஆசிரியரின் வகுப்பில், எட்டு நாளில் எட்டு அடிகள் எவர் கட்டளையும் இன்றி மனத்தில் நின்றுவிடும். கேட்டலின் பயனாக வரும் நினைவும் அச்சத்தின் பயனாக வரும் நினைவும் தேர்வுத் தாளில் ஒன்றுபோலத் தோன்றலாம். தேர்வு முடிந்த பின் முன்னது மட்டுமே எஞ்சும்.

யாப்பைக் குழந்தைக்குக் கற்பிக்க வேண்டியதில்லை என்றாலும், ஆசிரியர் அதை அறிந்திருப்பது பெரும்பயன் தரும். எழுத்துகள் சேர்ந்து ஒலிக்கும் சிற்றளவு அசை எனப்படும். தனிக்குறிலோ தனிநெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நேரசை. இருகுறில் இணைந்தும், குறிலை அடுத்து நெடில் வந்தும், அவை ஒற்றடுத்தும் வருவது நிரையசை. இவ்விலக்கணத்தைக் கைத்தட்டலாக மாற்றினால் முதல் வகுப்புக் குழந்தையும் அதை உடனே பிடித்துக்கொள்ளும். கிளி, அணில், மயில், புறா ஆகியவற்றுக்கு ஒரு தட்டு; யானை, காகம், குருவி, ஒட்டகம் ஆகியவற்றுக்கு இரண்டு தட்டு; மரங்கொத்திக்கு மூன்று. ஒட்டகம் இவ்வளவு பெரியதாயிற்றே, அதற்கும் சின்னஞ்சிறு குருவிக்கும் எப்படி ஒரே எண்ணிக்கை என்று குழந்தைகள் வாதிடத் தொடங்கும்போது, பொருள் வேறு ஒலி வேறு என்னும் மொழியியலின் அடிப்படை உண்மையை அவர்கள் தாமே தொட்டுவிடுகின்றனர். அவ்வாறே, முதலெழுத்து ஒத்துவருவதாகிய மோனையையும் இரண்டாம் எழுத்து ஒத்துவருவதாகிய எதுகையையும் பெயர் சொல்லாமலே விளையாடலாம்: வகுப்பில் உள்ளோர் பெயர்களில் ஒரே எழுத்தில் தொடங்குவன எவை என்று தேடுவது மோனை, ‘பட்டம்’ என்று ஒருவர் சொல்ல ‘வட்டம்’, ‘கட்டம்’, ‘சட்டம்’ என்று மற்றவர் தொடர்வது எதுகை. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர் உள்ள ஈராசிரியர் பள்ளிகளில், எல்லா வகுப்புக் குழந்தைகளும் ஒருங்கே பங்குபெறத்தக்க செயல்கள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கருத்தை வலியுறுத்தியாக வேண்டும். தமிழ்க் குழந்தைப் பாடல்களில் அறிவுரைப் பாடல்களின் எண்ணிக்கை அளவிறந்தது. பல் துலக்கு, பெரியோரை மதி, மரம் நடு, பொய் சொல்லாதே என்பனவெல்லாம் நல்லனவே. ஆயினும் அவற்றை எதுகை மோனையோடு சொல்லிவிட்டால் மட்டும் கவிதை பிறந்துவிடுவதில்லை. குழந்தைக்கு ஒரு நாளில் கிடைக்கும் அறிவுரைகளே ஏராளம். பாட்டும் அதே வேலையைச் செய்தால் குழந்தை ஓடி ஒளிய ஓரிடமும் இல்லை. பாரதியாரின் பாப்பா பாட்டிலும் அறிவுரை உண்டு என்று சுட்டிக்காட்டலாம். அங்கே பெரும்பாலான அறிவுரைகளுக்கு முன் குருவியும் கோழியும் காக்கையும் பசுவும் நாயும் வந்து குழந்தையோடு நட்புக்கொண்டு விடுவதால், பின்வரும் சொற்கள் ஒரு தோழனின் சொற்களாகக் கேட்கின்றன. அந்த நட்பைச் சம்பாதிக்காத பாட்டுகளை ஆசிரியர்கள் தயங்காமல் ஒதுக்கலாம். வியப்பு, விளையாட்டு, சிரிப்பு, சிறு துயரம், பொருளே இல்லாத ஒலியின்பம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருக்கும் பாட்டே குழந்தையின் வாயில் தங்கும்.

இடத்தின் வாசனையும் தேர்வில் கருதத்தக்கது. யாழ்ப்பாணத்து நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பற்றி எழுதிய பாட்டு, ஆடி முதல் நாளில் யாழ்ப்பாண வீடுகளில் கூழும் கொழுக்கட்டையும் சமைக்கப்படும் முறையை ஒவ்வொரு செயலாகச் சொல்லிச் செல்வது. அதைச் சொல்லும் குழந்தையின் நாவில் ஊர்ச்சொற்களும் ஊர்ச்சுவையும் ஒன்றாகவே ஏறுகின்றன. ‘வெருளி’ என்னும் சோளக்கொல்லைப் பொம்மையைப் பற்றி அவர் எழுதிய பாட்டும் இத்தகையதே. தலைமுறைகள் கடந்தும், கடல் கடந்து குடியேறிய குடும்பங்களிலும், இப்பாட்டுகள் நினைவில் இருப்பதற்கு அந்த நெருக்கமே காரணம். தஞ்சைக் குழந்தைக்கு வயலும், தூத்துக்குடிக் குழந்தைக்கு உப்பளமும், நீலகிரிக் குழந்தைக்குப் பனியும், வடசென்னைக் குழந்தைக்குத் துறைமுகமும் பாட்டில் கிடைக்க வேண்டும். அச்சில் அத்தகைய பாட்டு கிடைக்காத இடத்தில், வகுப்பே சேர்ந்து நான்கு அடி கட்டிக் கரும்பலகையில் எழுதலாம். குழந்தைகள் தாமே கட்டிய அடிகளை வாசிக்கும் ஆர்வத்திற்கு நிகரான ஆர்வத்தை வேறெந்தப் பாடப்பகுதியும் எழுப்புவதில்லை.

இத்தொடர்பில் வாய்மொழிச் செல்வத்தை மறத்தலாகாது. விடுகதையைக் குறிக்கும் ‘பிசி’யையும் பழமொழியைக் குறிக்கும் ‘முதுசொல்’லையும் தொல்காப்பியம் பாட்டோடும் நூலோடும் ஒன்றாக வைத்து எண்ணுகிறது; மிகப் பழைய அந்த மதிப்பை இன்றைய வகுப்பறை விடுகதைக்கு அளிப்பதில்லை. நிலாவை அழைக்கும் பாட்டு, கைவீசிப் பாடும் பாட்டு, சாய்ந்தாடும் பாட்டு, மழை வேண்டும் பாட்டு என்று ஊர்தோறும் வேறுபட்டு வழங்குவனவற்றைச் சொல்லத் தெரிந்த பாட்டிமார் பள்ளி வாசலுக்கு நாள்தோறும் பேரக்குழந்தைகளை அழைத்து வருகின்றனர். அவர்களுள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாதம் ஒரு முறை அவர்களுள் ஒருவரை வகுப்பில் அமர்த்திப் பாடச் செய்து, அப்பாட்டைக் குழந்தைகளே ஏட்டில் எழுதிக்கொள்ளச் செய்தால், எழுத்தறியாத ஒருவரிடமிருந்து எழுத்துப் பாடம் பெறும் அரிய நிகழ்வு அங்கே நடக்கும். தன் பாட்டிக்கு வகுப்பில் கிடைத்த மரியாதையைக் கண்ட குழந்தைக்குத் தன் வீட்டுத் தமிழைப் பற்றிய கூச்சமும் நீங்கும்.

இனி, வாய்விட்டு வாசிக்கும் முறை பற்றிச் சில சொல்லலாம். பாடநூலின் எல்லாப் பாட்டையும் ஒரே மெட்டில் பாடும் வழக்கம் பல பள்ளிகளில் வேரூன்றியுள்ளது. மெட்டு துணைசெய்யும் என்பது மெய்யே. ஆயினும் துள்ளல் பாட்டும் துயரப் பாட்டும் ஒரே இராகத்தில் இழுக்கப்படும்போது சொற்கள் மழுங்கி, பொருள் கரைந்து, வாய் மட்டும் இயங்குகிறது. முதலில் மெட்டின்றி, அசைகளால் ஆன சீர்களுக்கிடையே சிறு நிறுத்தத்தோடு, சொற்கள் தெளிவாக விழும்படி இருமுறை வாசித்துவிட்டு, அதன்பின் குழந்தைகள் விரும்பும் மெட்டைச் சேர்ப்பதே நல்ல முறை. ழகர, ளகர, லகர வேறுபாடுகளையும் றகர, ரகர வேறுபாட்டையும் திருத்தும் பொருட்டுப் பாட்டை நடுவில் நிறுத்துதல் வேண்டா. ஆசிரியரின் தெளிவான ஒலிப்பு பலமுறை செவியில் விழுந்தாலே பாதித் திருத்தம் தானாக நடந்துவிடும். பாடநூலின் கியூஆர் குறியீட்டின் வழியே கிடைக்கும் காணொளிப் பாட்டுகள் ஆசிரியருக்குத் துணையாகலாம், ஆசிரியரின் இடத்தை நிரப்ப முடியாது; திரையில் உள்ள பாட்டு குழந்தையின் முகத்தைப் பார்த்து வேகத்தைக் குறைப்பதில்லை, சிரிப்பு அடங்கும் வரை காத்திருப்பதும் இல்லை.

செவியில் ஏறிய பாட்டு நூலுக்கு அழைத்துச் செல்ல வேண்டுமானால் நூல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். குழந்தைகள் அறிந்த பாட்டுகளைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி அவர்களின் கண்மட்டத்தில் தொங்கவிடுவதற்குச் செலவு ஏதுமில்லை. பாரதியாரின் படைப்புகள் 1949இலேயே நாட்டுடைமையாக்கப்பட்டன. அவற்றை எவரும் படியெடுக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழைய நூல்கள் பலவற்றைக் கட்டணமின்றி வழங்குகின்றன. நாடு விடுதலை பெற்ற பின் இந்தியாவில் முதன்முதலாக நிறைவேறிய பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமே. அச்சட்டத்திற்காக உழைத்த சீர்காழி எஸ்.ஆர். அரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தாக வேண்டும் என்பதைத் நூலகவியலுக்குத் தாம் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்றாக வைத்தார். ஆறு வயது வாசகருக்கும் அவ்விதி பொருந்தும். ஊர்க் கிளை நூலகத்திற்கு வகுப்பை ஒரு முறை அழைத்துச் சென்று, தமக்குத் தெரிந்த பாட்டு உள்ள நூலைத் தாமே தேடி எடுக்கச் செய்தல் அங்கு உறுப்பினராகச் சேர்வதற்குப் போதிய தூண்டுதலாகும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்னும் நான்கு படிகளில் அமைந்திருப்பது வரவேற்கத்தக்கது. செவிவழி பாட்டு கேட்ட குழந்தை முதற்படியில் நுழையும்போதே பாதி தொலைவைக் கடந்திருக்கும்.

இவை அனைத்திற்கும் மேலாக ஒன்று உண்டு. தமக்குப் பிடிக்காத பாட்டைப் பிடித்ததாகக் காட்டி எந்த ஆசிரியரும் குழந்தைகளை ஏமாற்ற முடியாது. ஆகவே ஆசிரியர் தம் விருப்பத்திற்காகவே கவிதை படிப்பதும், தமக்கு உண்மையிலேயே இன்பம் தந்த பாட்டையே வகுப்பிற்குக் கொண்டுவருவதும் பாடக்குறிப்பு எழுதுவதைக் காட்டிலும் முதன்மையான ஆயத்தமாகும். பதிவேடுகளும் பயிற்சிகளும் இணையத் தரவேற்றங்களும் ஆசிரியரின் பொழுதைத் தின்று தீர்க்கும் இக்காலத்தில் இவ்வாறு கேட்பது கூடுதல் சுமை போலத் தோன்றலாம். கவிதை படிக்கும் கால் மணி நேரம் அச்சுமைகளிலிருந்து ஆசிரியருக்கே கிடைக்கும் ஓய்வு என்பதை ஒரு வாரம் முயன்று பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

எனவே, இம்மடல் ஆசிரியப் பெருமக்களிடம் முன்வைக்கும் வேண்டுகோள் சிறியது. வரும் கல்வியாண்டின் முதல் நாளிலிருந்து, நாள்தோறும் பத்து நிமிடம், பாடநூலுக்கு வெளியிலிருந்து ஒரு பாட்டை வகுப்பில் வாய்விட்டு வாசியுங்கள். விரும்பும் குழந்தைகள் கூடச் சொல்லட்டும், விரும்பாதவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். வாசித்து முடித்ததும் அதைப் பற்றி ஒரு வினாவும் கேட்காதீர்கள்.